மாமாவை வைத்துக்கொண்ட ஊர்

எனக்கு ஒரு ஊர் மேல் பொறாமை. ஆள் மேல் பட்ட பொறாமை என்றால், அந்த ஆளுக்குப் பல்லும் முடியும் கொட்டும்போது நமக்கும் ஆறிப்போகும். ஊர் மேல் பட்டது இன்னும் ஆறவில்லை. என்னோடு ஒரே பீலித் தண்ணீரில் குளித்து, ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்து, இன்றைக்குக் கொழும்பிலும் எம்பிலிப்பிட்டியவிலும் பேரப்பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கிற உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு அந்த ஊர்க்காரியின் தலைமுடியைத் தொட்டுப் பார்க்க எங்கள் வாசலில் வரிசையாக நின்றவர்கள்.

அம்மாவுக்கு ஒரே தம்பி என் மாமா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, இரத்தினபுரியில் படித்து, புலமைப்பரிசில் கிடைத்து சோவியத் நாட்டுக்குப் போனவர். நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். படிப்பு முடிந்ததும் காக்கேசிய மலைகளுக்கு நடுவே, செம்பு உருக்கும் ஓர் ஊரில் எஞ்சினியராக வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளை. எங்கள் காம்பராவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாமாவின் போட்டோ ஒன்று மாட்டியிருக்கும். தலையில் உரோமத் தொப்பி, பின்னால் புகைபோக்கி. விளக்கு வைக்கும்போது நான் அதற்கும் சேர்த்துக் கும்பிடுவேன்.

நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் பிள்ளை பெரிய மனுசியானால், பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டியவர் தாய்மாமன். முதல் சேலையும் அவர் கையால்தான் வர வேண்டும். லயத்தில் யாருக்குக் குடிசை கட்டினாலும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவார்.

"ஒனக்கு ஒன் மாமா வந்து கட்டுவாரு பாரு. ரசியாவுல இருந்து பிளேன்ல வந்து கட்டுவாரு."

இதை நான் உங்களிடம் எத்தனை தரம் பீற்றிக்கொண்டிருப்பேன். உங்கள் மாமன்மார் எல்லாம் தோட்டத்தின் பக்கத்து டிவிசனிலிருந்து நடந்து வந்தார்கள். என் மாமா மட்டும் பிளேனில் வரப்போகிறவர்.

அவர் வந்தார். சோவியத் நாடு உடைந்துபோன பிறகு, ஒரு மழைக்கால ஆரம்பத்தில், பெல்மதுளை பஸ்ஸிலிருந்து பாலத்தடியில் இறங்கினார். கூடவே அத்தை. அந்தப் புழுக்கத்தில் கையில் ஒரு கனத்த கம்பளிக் கோட்டைச் சுமந்துகொண்டு நின்றார். அவர்களுக்குப் பின்னால் என்னைவிட ஒரு வயது இளைய மாமா மகள். தேங்காய்த் தும்பு நிறத்தில் முடி, முழங்கால் முட்டித் தெரிகிற கால்கள். பலாப்பழம் விற்க வந்த நாட்டுப்புறத்துச் சிங்கள அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அனே, சுது நோனா!" என்று கன்னத்தில் கை வைத்தார். அன்றிலிருந்து லயம் முழுக்க அத்தைக்கு அதே பேர்தான். வெள்ளைக்காரச் சீமாட்டி என்று அர்த்தம்.

"வெளிநாட்டுக்காரவங்க ஒடம்ப எப்புடி சிக்குன்னு வெச்சிருக்காங்க பாத்தியா" என்று பக்கத்து காம்பரா பெரியம்மா அம்மாவிடம் மெச்சிக்கொண்டார். தாயும் மகளும் எலும்பாக இருந்ததை நாங்கள் நாகரிகம் என்று நினைத்தோம்.

உள் காம்பராவை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் முன் இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கு விரித்துப் படுத்தோம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. மாமா வந்துவிட்டார், அது போதும்.

வந்த கொஞ்ச நாளில் மாமா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு பெல்மதுளைக்குப் போனார். புடவைக் கடையில் நானே கைகாட்டி எடுத்தேன். கிளிப்பச்சை, அரக்குக் கரை. அதற்கு ஜாக்கெட் தைக்கத் தையல்கார முஸ்லிம் நானாவிடம் போனோம்.

"புள்ள இன்னும் பெரிய மனுசி ஆகலயே தம்பி. அதுக்குள்ள அளவு எடுத்தா நாளைக்குப் பத்தாமப் போயிடும்" என்று நானா சொன்னார்.

"பரவாயில்ல நானா. நான் இங்கின இருக்கும்போதே தைச்சு வெச்சிடணும். அப்புறம் எப்புடியோ, யாருக்குத் தெரியும்?"

"அப்ப வளர்ற புள்ளன்னு பாத்துத் தாராளமா வெட்டுறேன்."

சேலையும் ஜாக்கெட்டும் அம்மாவின் தகரப் பெட்டியில் பூச்சி உருண்டை வாசத்தோடு ஏறின. ஆனால் மாமா சொன்ன அந்த 'யாருக்குத் தெரியும்' என் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. மாமா இங்கேயே இருக்கப் போவதில்லை. அவர் போவதற்குள் நான் பெரிய மனுசியாக வேண்டும். அன்றிலிருந்து எனக்கு அது ஒன்றே கவலை. பப்பாளி தின்றால் சீக்கிரம் ஆகும் என்று உங்களில் ஒருத்தி சொன்னாள். யார் என்று சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரியும். அவள் பேச்சைக் கேட்டு நான் தோட்டத்து ஆலையான ஸ்டோருக்குப் பின்னால் இருந்த மரத்தையே மொட்டையடித்தேன். வயிற்றுப்போக்குதான் வந்தது.

மாமா மகளுக்குத் தமிழ் தெரியும். ஆனால் அதை அவள் மாமா ஒருவரிடமே கற்றிருந்தாள். அதனால் நடுவயது ஆம்பிளை பேசுகிற மாதிரியே பேசுவாள். என்னையே "என்னம்மா, வாம்மா" என்பாள். சாப்பிட்டு முடித்ததும் தொண்டையைச் செருமி, "சரி, வேலையப் பாப்போம்" என்று எழுந்திருப்பாள். லயமே விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது. மாமாவின் பேச்சு மொத்தமும் அவளிடம் போய்விட்டதே என்று எரியும்.

பள்ளிக்கூடம் விட்டதும் ரப்பர் மலைக்கு மேலே இருக்கும் பாறையில் போய் உட்காருவோம். கீழே நம் தோட்டம் மொத்தமும் தெரியும். ஸ்டோர், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம், லயங்கள், மாணிக்கக் குழிகளின் சேறு கலந்து மஞ்சளாக ஓடும் ஆறு. அவள் அதைப் பார்த்துவிட்டு, "எங்க ஊரும் இப்புடித்தாம்மா" என்றுதான் எப்போதும் தொடங்குவாள். நானும் ஒவ்வொரு தரமும் ஏமாந்துபோய்க் காது கொடுப்பேன்.

அவர்கள் ஊரும் இரண்டு மலைகளுக்கு நடுவில்தான். அடிப் பள்ளத்தில் ஆறு, ஆற்றோரம் செம்பு ஸ்டோர். புகை பள்ளத்திலேயே தங்கிவிடக் கூடாதென்று மலை முதுகில் குழாய் பதித்து, உச்சியில் புகைபோக்கி வைத்திருந்தார்களாம். நம் ஸ்டோரில் சங்கு ஊதுவது போல அங்கேயும் ஊதும். ஆனால் அந்தச் சங்குக்கு எதிர் மலை திரும்ப ஊதும். நம் லயம் போல அவர்களுக்கும் ஸ்டோர் கொடுத்த வீடுகள்தான். ஆனால் ஒன்பது மாடி, மலைக்கு மேல் தட்டையான இடத்தில். சுவருக்குள்ளேயே சுடுதண்ணீர் ஓடும். ஆற்றில் செம்புத் தண்ணீர் கலந்த இடம் பச்சையாக இருக்கும். வேலையாட்களுக்கென்று ஒரு மாளிகை, அதற்குள் மேடை, சிவப்புத் திரை, பியானோ.

"பள்ளத்துல இருந்து மேல வீட்டுக்கு எப்புடிப் போவீங்க? குறுக்குப் பாதையிலயா?"

"கம்பியிலம்மா. கம்பியில பெட்டி தொங்கும். அதுல ஏறினா மேல போயிடும்."

"எங்க தோட்டத்துலயும் முந்தி கம்பி இருந்துச்சி. மேல் மலையில இருந்து கம்பியிலதான் தேயிலக் கொழுந்து வரும்."

"மனுசங்க போவாங்களா?"

"மூட்டைதான் போகும்."

"எங்க ஊர்ல மனுசங்க போவாங்கம்மா" என்றாள் அவள். பெருமையாகக்கூடச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் இருந்ததெல்லாம் அவளிடமும் இருந்தது. அங்கே அது ஒவ்வொன்றும் பெரியதாக இருந்தது.

மாமா சாயங்காலத்தில் இஸ்தோப்பில் உட்கார்ந்து அப்பாவிடம் பேசுவார். கம்பியைப் பற்றியோ பியானோவைப் பற்றியோ பேச மாட்டார்.

"அங்க சங்கு நின்னு போச்சி மச்சான். ஸ்டோர மூடிட்டாங்க. போன குளிருக்கு கரண்டும் இல்ல, கேஸும் இல்ல. தரையில பதிச்சிருந்த பலகையப் பேத்து எரிச்சோம்."

"அப்ப இங்கயே இருந்திரு மாப்புள. இங்க என்ன கொறை?"

மாமா ரப்பர் மலையைப் பார்ப்பார். 'அங்க' என்ற சொல்லை அவர் சொல்லும்போது குரல் இளகும். அது எனக்குப் பிடிக்கவில்லை. பலகையைப் பேர்த்து எரித்தது என் காதில் விழவே இல்லை. 'அங்க' மட்டும் விழுந்தது.

மாமா மகள் ராத்திரிச் சாப்பாட்டில் பாதி ரொட்டியை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்வாள். அம்மா காலையில் எறும்பைத் தட்டிக்கொண்டே, "வெள்ளக்காரப் புள்ளைக்கு நம்ம ரொட்டி அம்புட்டு ருசியாப் போச்சி" என்று சந்தோசப்படுவார். அப்பா தன் பங்கிலிருந்தும் அவளுக்குக் கிள்ளிப் போடுவார். எனக்குக் கிள்ளிப் போட மாட்டார். நான்தான் வீட்டுப் பிள்ளையாயிற்றே.

மாமா வேலை தேடிக் கொழும்புக்குப் போனார். அத்தையும் ஏதோ கடவுச்சீட்டுக் காரியமாகக் கூடவே போனார். மகளை எங்களிடம் விட்டுப் போனார்கள். அவர்கள் போன மறுநாளே, பீலிக்கரையில், அவள் பெரிய மனுசியானாள்.

என்னைவிட ஒரு வயது இளையவள். ஒரு பப்பாளி தின்றவளில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். நான் கக்கூசுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

லயத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். அவளுடைய தாய்மாமன் பனியில் எங்கேயோ இருக்கிறார். குடிசையை யார் கட்டுவது? பக்கத்து காம்பரா பெரியம்மா என் அப்பாவைக் கைகாட்டினார்.

"புள்ளைக்கு அத்தைக்காரி புருசன்தானே நீ? மொறைக்கு நீயும் மாமன்தான். நீ கட்டு."

"ஆத்தா அப்பன் வந்துரட்டுமே" என்று அம்மா இழுத்தார்.

"வர்ற வரைக்கும் புள்ளைய வீட்டுக்குள்ளயா வெச்சிருப்ப? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்? நாளைக்கு வந்து, எம்மவளுக்கு ஒண்ணுமே செய்யலியான்னு கேட்டா மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?"

அப்பா பால் வெட்டுகிறவர். கையில் எப்போதும் ரப்பர் பாலின் புளித்த வாசம் இருக்கும். அன்றைக்கு மலையிலிருந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் கித்துல் பனை ஓலையும் பலா இலையும் வெட்டிக்கொண்டு வந்தார். லயத்துக் கோடியில் குடிசை எழும்பியது. அதற்கு முன்னும் பின்னும் நம் லயத்தில் அப்படி ஒரு குடிசையை நான் பார்த்ததில்லை. வாசலில் ஓலையைப் பின்னித் தோரணம்கூட விட்டார். எனக்குக் கட்ட உரிமை இல்லாத மனிதர், தன் ஆசையெல்லாம் சேர்த்து அவளுக்குக் கட்டினார்.

சேலை? அம்மா தகரப் பெட்டியைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"ஒனக்கு வேற எடுத்துக்கலாம். தண்ணி ஊத்துற அன்னைக்கு மாமன் சேலை இல்லாம எப்புடி? அவகிட்ட மட்டும் இது ஒன்னோடதுன்னு சொல்லிடாத. மனசு சங்கடப்படும்."

என் மனசு சங்கடப்படுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. துணைக்கு இருக்க வேண்டும் என்று என்னையே குடிசை வாசலில் உட்கார வைத்தார்கள். வாசலுக்குக் குறுக்கே உலக்கை, ஓரத்தில் இரும்புத் துண்டு, கூரையில் செருகிய வேப்பிலை. அவளுக்குத் தனித் தட்டு, தனிக் குவளை. பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுத்தங்களி. முகத்தைச் சுளித்துக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கினாள். பச்சை ஓலையின் வெக்கையில் அவள் முகம் சிவந்திருந்தது.

"இது எல்லாம் எனக்காம்மா? எனக்கு மட்டுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்படி ஒரு சந்தோசம் அவளுக்கு. நான் உலக்கையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா" என்றேன்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முந்தைய நாள் அத்தையும் மாமாவும் வந்துவிட்டார்கள். பாலத்தடியிலிருந்து ஏறி வந்த அத்தைக்குக் கண்ணில் பட்டது இதுதான். எல்லோரும் வீட்டுக்குள் இருக்க, மகள் மட்டும் வெளியே, இலைக் கூட்டுக்குள், பழைய பாயில், தொட முடியாதபடி குறுக்கே ஒரு கட்டையோடு இருக்கிறாள். மாமா அவருக்கு இந்தப் பழக்கத்தைப் பற்றி ஒருநாளும் சொல்லியிருக்கவில்லை. பொம்பிளைச் சமாசாரம் என்று கூச்சப்பட்டிருப்பார்.

அத்தைக்கு நாலைந்து தமிழ்ச் சொற்கள்தான் தெரியும். அதில் ஒன்றைக் கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"வேணாம்! வேணாம்! வேணாம்!"

இரண்டு கையாலும் ஓலையைப் பிடித்துக் கிழித்தார். தோரணம் அறுந்தது. மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா மகளோ, "அம்மாகிட்ட சொல்லும்மா, இது நல்லதுன்னு சொல்லும்மா" என்று என்னைப் பார்த்து அழுதாள். மாமா அத்தையின் பாஷையில் என்னென்னவோ சொன்னார். அத்தை கேட்கவில்லை. அப்பா கையில் வெட்டுக்கத்தியோடு நின்றார். பிறகு கிழிந்த ஓலைகளைப் பொறுக்கி அடுக்கினார்.

"நோனாவுக்கு என்னா திமிரு" என்றது லயம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெகுகாலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அந்தக் குளிர்காலத்தில் மற்ற அறைகளையெல்லாம் பூட்டிவிட்டு, மூன்று பேரும் குசினியில் அடுப்போரம் கிடந்து, பிள்ளையைக் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் படுக்கவிடாமல் காப்பாற்றியவர் அத்தை. அந்தப் பிள்ளையை அவர் இல்லாத நேரத்தில் நாங்கள் வெளியே வைத்தோம். ஆசையாகத்தான் வைத்தோம். ஆனால் அவருக்கு அது எப்படித் தெரியும்?

மகள் அழுது அடம்பிடித்ததால் மறுநாள் தண்ணீர் ஊற்றினார்கள். கிளிப்பச்சைச் சேலை அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஜாக்கெட் மட்டும் தோளில் நிற்கவில்லை. பெரியம்மா இரண்டு பக்கமும் ஊசி குத்திவிட்டார். மாமா அந்தச் சேலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு இன்னொண்ணு எடுத்துத் தாரேம்மா" என்றார், மெதுவாக.

எடுத்துத் தரவில்லை. மகளை வெளியே வைத்த இடத்தில் இருக்க மாட்டேன் என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றார். மழைக்காலம் முடியும் முன்பே, கரண்டும் கேஸும் இல்லாத அந்த ஊருக்கே மூவரும் திரும்பிப் போனார்கள். அந்தக் கம்பளிக் கோட்டுக்குள் சுற்றி என் சேலை பையில் ஏறியதை நான் இஸ்தோப்பிலிருந்து பார்த்தேன். பஸ் புறப்பட்டபோது அவள் சன்னலில் தலையை நீட்டி, "போயிட்டு வாரேம்மா" என்று மாமாவின் குரலில் கத்தினாள்.

அடுத்த பொங்கலுக்குள் நானும் பெரிய மனுசியானேன். அப்பாவைக் கட்டச் சொன்னார்கள். மகளுக்கு அப்பன் கட்டுவது முறையில்லை என்றார். அது சாக்கு. கிழிந்த குடிசைக்குப் பிறகு அவர் யாருக்கும் ஓலை வெட்டவில்லை. தம்பி இருக்கும்போது வேறு ஆளை மாமன் இடத்தில் நிறுத்த அம்மாவுக்கு மனசில்லை. குசினி மூலையில் அம்மாவின் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் இருந்தேன். உங்களுக்கெல்லாம் அது தெரியும். நீங்கள் யாரும் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. அதற்காக உங்களை எனக்குப் பிடிக்கும்.

அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். போன மாதம், இரத்தினபுரிச் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக என் நம்பரைப் பிடித்து, மாமா மகள் வீடியோவில் வந்தாள். தும்பு நிற முடி நரைத்திருந்தது. குரலும் பேச்சும் அப்படியே.

"என்னம்மா, நல்லா இருக்கியா?"

மாமா பக்கத்தில் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். பல் இல்லை. போனைத் திருப்பி ஊரைக் காட்டினார். இத்தனை வருசம் என் தலைக்குள் இருந்த ஊரை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மலை உச்சியில் புகைபோக்கி நின்றது, புகை இல்லை. ஒன்பது மாடி வீடுகளில் பாதிக்குச் சன்னலில் கண்ணாடி இல்லை. கம்பி இருந்தது. அதன் பெட்டி மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுவிலேயே துருப்பிடித்து நின்றது. ஆறு மட்டும் கீழே ஓடியது.

"பாத்தியாம்மா? ஒண்ணுமில்ல" என்றார் மாமா. "வாலிபப் புள்ளைங்க எல்லாம் போயிட்டாங்க. நாங்க கெடக்கோம். ஒரு எடத்துல வேர் புடிச்சாச்சி, இனி எங்க போறது?"

எனக்குள்ளே ஒரு சின்ன சந்தோசம் வந்தது. வரட்டும் என்று விட்டேன். என்னோடு போட்டி போட்ட ஊர் ஓய்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. அது கொஞ்ச நேரம்தான் இருந்தது. இவ்வளவும் போன பிறகும் அவர் அங்கேதான் இருக்கிறார் என்பது உறைத்ததும் பழைய எரிச்சல் திரும்பி வந்தது.

"ஒனக்கு யாரும்மா குடிச கட்டுனது? ஒங்கப்பாவா?" என்று மாமா கேட்டார்.

"யாரும் கட்டல மாமா. நீங்க இல்லையே."

மாமாவின் தாடை அசைந்தது. இது எதுவும் தெரியாத மாமா மகள், போனை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு உற்சாகமாகப் பேசினாள்.

"இத பாரும்மா. என் மக பெரிய மனுசியானப்ப எடுத்தது. நான்தான் அடம்புடிச்சேன். அங்க குடிசையில இருந்தேனே, அந்த மாதிரி சந்தோசமா நான் எப்பவுமே இருந்ததில்ல."

ஒரு போட்டோவைப் பிடித்துக் காட்டினாள். அதே பால்கனி. வாதுமைக் கிளைகளை வளைத்துக் கட்டிய ஒரு பச்சைக் குடிசை. வாசலில் இலைத் தோரணம், அப்பா விட்டதைப் போலவே. மாமாதான் கட்டினாராம். ஓரத்தில் அத்தை, அன்றைக்குக் கிழித்த கையால் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே ஒரு மெலிந்த பிள்ளை, கிளிப்பச்சைச் சேலையில். பச்சை கொஞ்சம்கூட மங்கவில்லை. ஜாக்கெட் தோளிலிருந்து இறங்கித் தொங்கியது. இரண்டு பக்கமும் ஊசி குத்தியிருந்தார்கள்.

"சேலை அழகா இருக்குல்ல? ஜாக்கெட்டுதான், என்ன அளவுக்குத் தைச்சாங்களோ" என்று மாமா மகள் சிரித்தாள். "எனக்கும் சேரல, என் மகளுக்கும் சேரல."

"என் அளவு" என்றேன்.